ஓரகத்திகளும் இரண்டாவது டிஸ்க்கும்

எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் இரண்டு கதவுகள். ஒன்று என் வீடு, எதிரே இருப்பது எம்பிராய்டரி பட்டறை. நடுவில் நாலடி. அந்த நாலடியைத் தாண்டி ஒரு சண்டை என் காதில் விழாமல் இருக்க வேண்டுமானால், சண்டை போடுகிறவர்கள் தாளில் எழுதிக் காட்டித்தான் போட்டுக்கொள்ள வேண்டும். பட்டறையின் ஓரகத்திகள் இருவருக்கும் அந்த அளவுக்குப் பொறுமை இருந்ததில்லை.

பட்டறை அண்ணன் தம்பி இருவர் பெயரில் இருந்தாலும் நடத்தியது அவர்களைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள்தான். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். கட்டடத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். அண்ணன், பெரியவர். தங்கமான மனிதர் என்பார்கள். வாயே திறக்காதவரைப் பற்றி வேறென்ன சொல்ல முடியும்? தம்பிக்கு லாரி கம்பெனியில் வேலை; வாரத்தில் ஐந்து நாள் ஊரிலேயே இருக்கமாட்டார். இவர்களோடு ஒட்டிக்கொண்டிருந்தவன் பெரியவளின் உடன்பிறந்த தம்பி. பெரியவர் அவனை மச்சான் என்று கூப்பிடப்போய், மெஷின் ஓட்டுகிறவர்கள், கூரியர்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர் வரைக்கும் அவன் மச்சான் ஆகிவிட்டான். அத்தனை பேருக்கு மச்சானாக இருப்பதைத் தவிர அவனுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று நான் பலமுறை விசாரித்தும் தெரியவில்லை.

பெரியவள் வாடிக்கையாளர்களிடம் பேசுவாள். நிறுத்தாமல் பேசுவாள். சின்னவள் டிசைன் பஞ்ச் பண்ணுவாள். அதாவது, ஒரு ரோஜாப்பூ படத்தைக் கொடுத்தால், ஊசி முதலில் எங்கே குத்த வேண்டும், நூலை எந்தப் பக்கம் சாய்த்து இழுக்க வேண்டும், எங்கே அறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. ஒன்பது வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் டிசைன். அதற்குள் அவள் மூக்குக்கண்ணாடி மூன்று முறை தடித்தது.

அத்தனையையும் வைத்திருக்க ஒரு சர்வர் பெட்டியை அவளே கட்டினாள். உள்ளே ஒரே அளவில் இரண்டு ஹார்டு டிஸ்க். ரெய்டு என்றாள். எனக்குத் தெரிந்த ரெய்டு, அதிகாரிகள் வந்து அலமாரியைக் குடைவதுதான். அதனால் விளக்கம் கேட்டேன்.

“ரெண்டையும் ஜோடி சேக்கறதுதான் அக்கா. இதுல எழுதறது அதுலயும் எழுதும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு ஓடும். தனியா கார்டு எதுவும் வேணாம், சாஃப்ட்வேரே பாத்துக்கும்.”

“அழிச்சா?”

“இதுல அழிச்சா அதுலயும் அழிஞ்சிடும். சொன்னதைச் செய்யும். நல்லது கெட்டது அதுக்குத் தெரியாது.”

யார், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எந்த டிசைனை எப்போது எடுத்தார்கள் என்று பெட்டியே ஒரு லாக் எழுதி வைக்கும்படியும் செய்திருந்தாள். எந்த டிஸ்க்காவது கழன்றுகொண்டால் அவள் ஆபீஸ் மெயிலுக்கு எச்சரிக்கை வரும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பட்டறையில் அதே ரோஜா தைக்கப்படுகிறது என்று தெரியவந்தது. அதே இதழ், அதே சாய்வு. ஒன்று இரண்டல்ல, இருநூறு டிசைனுக்கு மேல். பெரியவள் படிக்கட்டில் நின்றுகொண்டு ஆரம்பித்தாள்.

“ஒன்பது வருஷம் ஒரே வீட்டுல சாப்பிட்டுட்டு, ஒரே இடத்துல உக்காந்துட்டு, கொல்லைப்பக்கமா கொண்டுபோய் கொடுத்திருக்கியேடி! திருடி!”

“லாக்கைப் பாருங்க அக்கா. யார் எடுத்தாங்கன்னு அதுலயே இருக்கும்.”

அந்த நிமிடம் பெரியவள் பேச்சு ஒரு நொடி தடுக்கியது. நான் கவனித்தேன், ஆனால் மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்குள் சின்னவளின் ஆபீஸ் மெயிலை மூடினார்கள். இரண்டரை மணிவாக்கில் சர்வர் பெட்டியை அவள் அறையிலிருந்து பெரியவள் அறைக்கு மாற்றினார்கள். மச்சான் அதைச் சிமெண்டு மூட்டை தூக்குவது போலச் சாய்த்துத் தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் காலையில் லாக்கைத் திறந்து எல்லாருக்கும் காட்டினார்கள். அந்த மாதமே வெறுமையாக இருந்தது.

“பாத்தீங்களா? திருடினதுமில்லாம தடயத்தையும் தொடைச்சு வெச்சிருக்கா.”

சின்னவளை வெளியே அனுப்பினார்கள். தம்பி தன் மனைவி பக்கம் நின்றார், நாலு தெரு தள்ளி வீடு பார்த்துப் போனார்கள். நானும் என் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. கேள்விப்பட்டதைக் கேட்கவேண்டியவர்களுக்கெல்லாம் சொன்னேன். அதற்குப் பிறகு சின்னவள் டிசைன் வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாம் அவளுக்கு முன்னாலேயே அந்தத் திருட்டுப் பட்டம் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. ஒரு பட்டறையும் அவளை உள்ளே விடவில்லை. கடைசியில் வீட்டிலேயே கம்ப்யூட்டர் பழுதுபார்க்கத் தொடங்கினாள். ரோஜாவுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த விரல்கள் அடுத்தவர் கீபோர்டில் பிஸ்கட் தூள் தட்டிக்கொண்டிருந்தன.

இப்போது, போன மாதம், பட்டறையில் அந்தப் பெட்டி கட கட என்று சத்தம் போட ஆரம்பித்தது. ஒரு டிசைனைத் திறந்தால் மெஷின்காரர் டீ குடித்துவிட்டு வரும்வரை திறந்துகொண்டே இருந்தது. வெளியிலிருந்து ஒரு ஆளை வரவழைத்தார்கள். அவர் பெட்டியோடு காதை வைத்துக் கேட்டார், பெரியவள் பேச்சையும் பத்து நிமிடம் கேட்டார்.

“ஹார்டு டிஸ்க் சாகக் கிடக்கும்மா. ரெண்டு எஸ்எஸ்டி வாங்கி மாத்திடுங்க. ஆனா நான் கை வைக்க மாட்டேன். ஏதாவது போச்சுன்னா என்னைத்தான் சொல்லுவீங்க. கட்டினவங்களையே கூப்பிடுங்க.”

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரி கோட்டு அறுநூறு தைக்க ஆரம்பிக்க வேண்டும். அதன் சின்னம் ஐந்து வருடத்துக்கு முன்னால் சின்னவள் பஞ்ச் பண்ணியது. வேறு வழியில்லாமல் சொல்லி அனுப்பினார்கள். சின்னவளிடமிருந்து மூன்று நிபந்தனைகள் வந்தன. பெரியவள் நேரில் வந்து கூப்பிட வேண்டும். வேலை முடியும்வரை பெரியவரும் மச்சானும் அறையில் இருக்க வேண்டும். எதிர்வீட்டு அக்காவும் இருக்க வேண்டும். அந்த அக்கா நான்தான்.

“நாளைக்கு ஏதாவது காணாம போச்சுன்னா மறுபடி நான்தான் திருடின்னு சொல்லுவீங்க. அன்னிக்குப் படிக்கட்டுல நின்னு எல்லாத்தையும் கேட்டவங்க அவங்கதான். இன்னிக்கும் கேக்கட்டும்” என்றாளாம்.

கூப்பிடாவிட்டாலும் பூ போடவேண்டும் என்று ஒரு தலையணை உறையை எடுத்துக்கொண்டு போய் நின்றிருப்பேன். கூப்பிட்டதும் அதற்கும் அவசியமில்லாமல் போயிற்று.

பெரியவள் நாலு தெரு நடந்து போய்க் கூப்பிட்டாள். சின்னவள் அவளை உள்ளே வரச் சொல்லாமல் வாசலிலேயே நிறுத்தி, “சரியா காதுல விழல அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க” என்று மூன்று முறை சொல்ல வைத்தாள் என்று அந்தத் தெரு முனையில் இஸ்திரி போடுகிறவர் சொன்னார்.

சனிக்கிழமை காலை பத்து மணி. மெஷின்களுக்கு லீவு. தரையெல்லாம் நூல்துணுக்கு, மூலையில் நூல்கண்டு அலமாரி, அதன் பக்கத்தில் பெரியவளின் மேஜை, மேஜைக்குக் கீழே அந்தப் பெட்டி. சின்னவள் தோளில் ஒரு பை, அதில் லேப்டாப், ஸ்க்ரூடிரைவர், இரண்டு புதிய எஸ்எஸ்டி. சீட்டுக்கட்டைவிட மெல்லிசாக இருந்தன. உள்ளே சுற்றுவது எதுவும் கிடையாதாம், சத்தமும் கிடையாதாம். பெரியவளுக்கு நேர் எதிர் ஜாதி.

வந்தவள் நேராகப் போய் பெரியவளின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அது என் சீட்டு” என்றாள் பெரியவள்.

“ஆமாக்கா. நீங்க நில்லுங்க. அப்புறம் ஒரு விஷயம். ஹார்டு டிஸ்க் பக்கத்துல சத்தம் போட்டா உள்ள இருக்கிற தட்டு நடுங்கும். இது ஏற்கனவே இழுத்துட்டு இருக்கு. முடியிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. திறந்தீங்கன்னா ஆஸ்பத்திரி டிசைன் போயிடும்.”

நாலு எம்பிராய்டரி மெஷின்கள் அறுபது ஊசியோடு வருடக்கணக்கில் பக்கத்திலேயே ஆடியும் ஓடிய டிஸ்க் அது. ஆனால் பெரியவள் கையை வாயில் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் நூல்கண்டு அலமாரியில் நிறங்களை எண்ண வேண்டியதாயிற்று.

சின்னவள் இரண்டு வரி தட்டினாள். திரையைப் பார்த்தாள். இன்னொரு முறை தட்டினாள். டிஸ்க்குக்கு ஒன்றாக இரண்டு எழுத்து வரவேண்டிய இடத்தில் ஒரு எழுத்தும் அதற்குப் பக்கத்தில் ஒரு கோடும் மட்டும் நின்றன.

“இது எப்பலேர்ந்து ஒத்தையா ஓடுது?”

யாருக்கும் புரியவில்லை. பெட்டியை அணைத்து மூடியைக் கழற்றினாள். மூன்று வருடத்து நூல்பஞ்சு. அதைத் தூரிகையால் தள்ளிவிட்டு உள்ளே விரலை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு டிஸ்க்கில் ஒன்றுக்குப் போகிற கரண்ட் ஒயரின் முனை கழன்று, காதிலிருந்து கழன்ற தோடு போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

“இந்தப் பெட்டியை எப்ப தூக்கினீங்க?”

“அன்னிக்குத்தான்” என்றான் மச்சான். “அதுக்கப்புறம் யாரும் தொடலை.”

“எப்படித் தூக்கினீங்க?”

“எப்படித் தூக்குவாங்க? சாய்ச்சுத்தான். கனமா இருந்துச்சுல்ல.”

சின்னவள் தலையாட்டினாள். அவள் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதில் ஒன்றுமே தெரியவில்லை. தொங்கின ஒயரை மாட்டாமல், நாலு ஸ்க்ரூவையும் நிதானமாகக் கழற்றி அந்த டிஸ்க்கை வெளியே எடுத்தாள்.

“அக்கா, இந்த ரெண்டாவது டிஸ்க் மூணு வருஷமா ஓடவே இல்லை. இதை என்ன பண்ணட்டும்? தலையை மட்டும் ஆட்டுங்க, பேச வேணாம்.”

பெரியவளுக்கு அதற்கு மேல் முடியவில்லை. கையை எடுத்துவிட்டு ரகசியக் குரலில் பொரிந்தாள். “ஓடாததை வெச்சு என்ன பண்றது? எடுத்துட்டுப் போய் எங்கயாவது தூக்கிப் போடு.”

“நானே வெச்சுக்கட்டுமா?”

“வெச்சுக்கோ, வெச்சுக்கோ. வேலையைப் பாரு.”

“எதிர்வீட்டு அக்கா, கேட்டுக்கிட்டீங்களா?”

“கேட்டேன்” என்றேன்.

அதை ஒரு துண்டில் சுற்றிப் பையில் வைத்தாள். அந்த இடத்தில் புதிய எஸ்எஸ்டியை மாட்டி, மிஞ்சியிருந்த பழைய டிஸ்க்கோடு ஜோடி சேர்த்து, காப்பி ஓட விட்டாள். திரையில் ஒரு கோடு, அதன் ஓரத்தில் சதவீதம். ஒன்று. ஒன்று புள்ளி இரண்டு. கட கட கட.

“தண்ணி குடிச்சிட்டு வரேன். யாரும் நகரக் கூடாது” என்று சொல்லிவிட்டு, பையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

தண்ணீர் கொண்டுவருவதற்குள் என் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. அந்த டிஸ்க்கை ஒரு ஒயரால் அதோடு இணைத்திருந்தாள். ஓடாத டிஸ்க் ஜம்மென்று சுற்றியது. இதில் எதையும் எழுதாமல் படிக்க மட்டும் செய்கிறேன் என்றாள். என்னைப் பார்க்கச் சொன்னாளா இல்லையா என்பது நினைவில்லை, நான் பார்த்தேன்.

“கடைசியா எழுதின நேரம் பாருங்க.”

மூன்று வருடத்துக்கு முந்தைய அதே வெள்ளிக்கிழமை. மத்தியானம் இரண்டு நாற்பது.

எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. “மச்சான் தூக்கினப்போ...”

“கழண்டுடுச்சு. எச்சரிக்கை மெயில் வந்திருக்கும். ஆனா எனக்கு வர்ற மெயிலைத்தான் அவங்களே மூடிட்டாங்களே. லாக்கை அதுக்கப்புறம், அன்னிக்கு ராத்திரிக்குள்ள அழிச்சிருக்கணும். ஜோடியில அழிக்கிறதா நினைச்சுட்டு ஒண்ணுல மட்டும் அழிச்சிருக்காங்க. இதுக்கு அது தெரியவே தெரியாது. இது இன்னும் அந்த மத்தியானத்துலயே இருக்கு.”

லாக்கைத் திறந்தாள். வரிவரியாக ஓடியது. அவள் ஒரு தடவைதான் படித்தாள். பிறகு சிரித்தாள். ஒன்பது வருடமாக எதிரே பட்டறையில் இருந்தவள் சிரித்து நான் கேட்டிருக்கிறேன். இது அந்தச் சிரிப்பு இல்லை.

“என்னம்மா பண்ணப் போற?”

“இன்னும் தெரியலக்கா. ஆனா நல்லா இருக்காது.”

திரும்பிப் போனபோது இருபத்தெட்டு சதவீதம். பெரியவள் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள், ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி. பெரியவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் போனைத் தடவிக்கொண்டிருந்தான். சின்னவள் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல், பெரியவளையே பார்த்தாள். நாற்பது. ஐம்பத்து மூன்று. இரண்டு மணி நேரம். நடுவில் பெரியவளுக்கு ஒரு தும்மல் வந்தது. அதை அவள் அடக்கிய விதத்தில் கண்ணே வெளியே வந்துவிடும் என்று பயந்தேன்.

அறுபத்தொன்றில் கோடு நின்றது. கட கட போய், கிரீச் என்று ஒரு சத்தம். திரையில் சிவப்பாகச் சில வரிகள்.

“நான் பேசவே இல்ல!” என்றாள் பெரியவள்.

“நீங்க இல்லக்கா. டிஸ்க்குல அந்த இடமே அரிச்சுப் போச்சு. படிக்க முடியல.” சின்னவள் கொஞ்ச நேரம் தட்டித் தட்டிப் பார்த்தாள். “புதுசா எழுதினதெல்லாம் இருக்கு. பழைய டிசைன்ல அறுநூத்துச் சொச்சம் போச்சு. ஆஸ்பத்திரி சின்னமும் அதுலதான்.”

பெரியவர் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார். பெரியவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஜோடின்னியே! ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்னியே!”

“இருக்கு” என்றாள் சின்னவள். பைக்குள் கையை விட்டு அந்த டிஸ்க்கை எடுத்தாள். “இப்பத்தான் ஓட்டிப் பாத்தேன். நல்லா இருக்கு. நீங்க அந்த வெள்ளிக்கிழமை பெட்டியைத் தூக்கினப்போ கழண்டு போச்சு. மத்தியானம் ரெண்டு நாப்பது வரைக்கும் இருந்த எல்லாம் இதுல இருக்கு. ஆஸ்பத்திரி டிசைன் இருக்கு. எல்லாம் இருக்கு அக்கா. எல்லாம்.”

மச்சானின் முகத்தில் ஈயாடவில்லை. போன் கையிலிருந்து மடிக்கு இறங்கியது.

“டிசைனை மட்டும் எடுத்துக் கொடுத்துடு. மத்த குப்பையெல்லாம் எதுக்கு?” என்றான்.

“எடுக்கலாம். ஆனா நான் எடுக்க மாட்டேன். போட்டா முழுசா போடுவேன், லாக்கோட. போட்டு, எல்லார் முன்னாடியும் திறப்பேன். வேணாம்னா இப்பவே கிளம்பறேன். இது என்னோடது, அக்கா சாட்சி வெச்சுக் கொடுத்திருக்காங்க.”

மச்சான் எழுந்து பாய்ந்தான். உருப்படியாக ஒரு வேலையை அவன் அவ்வளவு வேகமாகச் செய்து நான் பார்த்ததில்லை. சின்னவள் பின்னால் நகரவில்லை. டிஸ்க்கைப் பிடித்த கையை ஜன்னல் பக்கமாக நீட்டி, கீழே கல்தரைக்கு மேலே இரண்டு விரலால் தொங்கவிட்டாள்.

“இது எஸ்எஸ்டி இல்ல. உள்ள தட்டு சுத்துற சாதனம். விழுந்துதுன்னா எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. எனக்கு மூணு வருஷமா இல்லாதது, இன்னும் இல்லாம போனாலும் பழகிடும். உங்களுக்குத் திங்கட்கிழமை.”

மச்சான் நின்றான்.

“அக்கா, டிசைன் போனா போவுது, மறுபடி பஞ்ச் பண்ணிக்கலாம்க்கா” என்றான் பெரியவளிடம்.

“யாரு பண்ணுவா? நீயா?” என்றாள் சின்னவள்.

அப்போது பெரியவர் பேசினார். குரல் கரகரத்தது, உபயோகத்தில் இல்லாத குழாயைத் திறந்தால் வருமே, அப்படி.

“அதுல அப்படி என்ன இருக்கு மச்சான், நீ இவ்வளவு பதறுற?”

பெரியவள் தம்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், பிறகு மூலையில் அடுக்கியிருந்த ஆஸ்பத்திரிக் கோட்டுத் துணியைப் பார்த்தாள். சின்னவள் அவசரப்படவில்லை. அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தை, அது யார் வாயிலிருந்து வரவேண்டுமோ அந்த வாயிலிருந்து.

“போடு” என்றாள் பெரியவள்.

“அக்கா!” என்றான் மச்சான்.

“போடு.”

புதிய எஸ்எஸ்டியில் அதுவரை ஏறியிருந்ததை அழித்து, அதை ஜோடியில் பாதியாக வைத்து, பழைய டிசைன்களை அந்த டிஸ்க்கிலிருந்தும் புதியவற்றை அரித்துப் போன டிஸ்க்கிலிருந்தும் கொண்டுவந்து சேர்த்தாள். ஒன்றரை மணி நேரம். வாய்ப்பூட்டு போட்டவள் அவிழ்க்கவே இல்லை, பெரியவளும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி சின்னம் திரையில் வந்தது, முழுசாக. அதன் பின்னால் லாக் வந்தது.

சின்னவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“உக்காருங்க அக்கா. நீங்களே படிங்க. காலையிலேர்ந்து வாயை மூடிட்டு இருந்தீங்க, பாவம்.”

பெரியவள் படித்தாள். தேதி. நேரம். ‘மச்சான் அறை கம்ப்யூட்டர்.’ ரோஜாக்கொடி பெரியது. தேதி. நேரம். மச்சான் அறை கம்ப்யூட்டர். ரோஜாக்கொடி சின்னது. மச்சான் அறை கம்ப்யூட்டர், நங்கூரம். மச்சான் அறை கம்ப்யூட்டர், வாத்து இரண்டு.

“போதும்” என்றார் பெரியவர்.

“போதாதுங்க மாமா. இருநூத்தி பதினாலு இருக்கு. அன்னிக்குப் படிக்கட்டுல என்னைச் சொன்னப்போ யாரும் போதும்னு சொல்லலையே. முழுசா படிக்கட்டும்.”

பெரியவர் மறுபடி கைகளைப் பார்த்தார். பெரியவள் படித்துக்கொண்டே போனாள். எந்தப் பேச்சையும் மூச்சுவிடாமல் பேசுகிறவளுக்கு ஒவ்வொரு வரிக்கும் எச்சில் விழுங்க வேண்டியிருந்தது. நடுநடுவே சின்னவள் சும்மா ஒரு வார்த்தை போடுவாள். “அது காய்ச்சலோட பண்ணது.” “அதுக்கு மூணு தடவை நூல் அறுந்துச்சு, நாலாவது தடவை வந்தது.” மச்சான் நூற்றி ஐம்பதாவது வரிவாக்கில் எழுந்து போனான். படிக்கட்டில் செருப்புச் சத்தம் இறங்கியது. தடுக்க யாரும் எழவில்லை.

கடைசி வரி முடிந்ததும் சின்னவள் கேட்டாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன். இருநூத்தி பதினாலு வரி படிச்சீங்க. ஒரு வரியிலகூட நீங்க ஆச்சரியப்படலையே?”

அந்தக் கேள்விக்குத்தான் அவள் காலையிலிருந்து வந்துகொண்டிருந்தாள் போலிருக்கிறது. அது பெரியவளை நோக்கிப் போகவில்லை. ஸ்டூலில் இருந்தவரிடம் போய்ச் சேர்ந்தது. பெரியவர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

பெரியவள் பதில் சொல்லாமல் இருந்தது அதுதான் எனக்குத் தெரிந்து முதல் முறை. இப்போது அவளைத் தடுக்க டிஸ்க் எதுவும் இல்லை.

நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். நல்லவர்கள் போயிருப்பார்கள். ஆனால் வேலை முடியவில்லையே! இரண்டாவது எஸ்எஸ்டியை மாட்டி ஜோடி சேர்க்க வேண்டியிருந்தது. சின்னவள் அதைச் செய்தாள், ஸ்க்ரூ ஸ்க்ரூவாக, ஒயரின் முனையை இரண்டு முறை இழுத்துப் பார்த்து. கோடு ஓட ஆரம்பித்தது. எஸ்எஸ்டி என்பதால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் என்றாள். பழைய டிஸ்க்காக இருந்திருந்தால் நாங்கள் நாலு பேரும் இன்னும் இரண்டு மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். விஞ்ஞானம் வளர்ந்ததில் அந்த அளவுக்கு எனக்கு நன்றிதான்.

அந்த இருபது நிமிடமும் சத்தமே இல்லை. புதிய டிஸ்க்குகளும் வாயைத் திறக்கவில்லை. எழுபது சதவீதத்தில் பெரியவர் எழுந்து வெளியே போய், மாடி வராந்தாவில் முதுகைக் காட்டி நின்றார். பெரியவள் அந்த முதுகையே பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

“போதுமாடி?”

“போதலக்கா.”

“இன்னும் என்ன வேணும் உனக்கு? காலுல விழணுமா?”

“அதெல்லாம் வேணாம்.” சின்னவள் கொஞ்சம் யோசித்தாள், உண்மையாகவே யோசித்தாள். “என்ன வேணும்னு தெரியல. போதலன்னு மட்டும் தெரியுது.”

கோடு நூறைத் தொட்டது. திரையில் இப்போது இரண்டு எழுத்தும் இருந்தன. சின்னவள் மூடியை மாட்டி, பெட்டியை நிமிர்த்தி வைத்து, அரித்துப் போன டிஸ்க்கைப் பெரியவளின் மேஜைமேல் வைத்தாள். மற்றதைத் துண்டில் சுற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். வராந்தாவில் பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிற்கவில்லை. அவர் சொல்ல வந்தது என்னவோ, இனிமேல் அவர் வீட்டிலேயே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

படிக்கட்டில் நான் அவள் பின்னாலேயே இறங்கினேன். வழியனுப்பத்தான். கீழ்ப்படியில் அவள் திரும்பி நின்றாள்.

“எங்கக்கா கிளம்பிட்டீங்க?”

“சும்மாத்தான். இன்னிக்கு நடந்ததைக் கீழ்வீட்டுல ஒரு வார்த்தை...”

“மூணு வருஷம் முன்னாடி எத்தனை வீட்டுல சொன்னீங்க?”

“அதெல்லாம் யாரு எண்ணுவாங்க?”

“எண்ணுங்க.”

எண்ணினேன். பத்து விரலும் போதவில்லை. கீழ்வீடு, அடுத்த கட்டடத்தில் மூன்று, தையல்கடை, இஸ்திரிக் கடை, பஸ் ஸ்டாப் பட்டறைக்காரரின் மாமியார் வீடு, பிறகு பின்தெருவில் ஏழு. பதினான்கு.

“வாங்க, போலாம்” என்றாள்.

“எங்க?”

“பதினாலுக்கும். நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கறேன். இன்னிக்கு நடந்தது அப்புறம். முதல்ல, அன்னிக்கு நீங்க சொன்னது பொய்னு சொல்லுங்க.”

“சாயந்திரம் ஆயிடுச்சேம்மா. சமையல்...”

சின்னவள் பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு கீழ்வீட்டு அழைப்பு மணியை அவளே அழுத்தினாள். உள்ளே யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.